பொடக்காளியில் ஷெட் வராது, கண்ணு

கண்ணு,

நல்லா இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று ஆரம்பித்தால் நீ அடுத்த பத்திக்குத் தாவிவிடுவாய். நான் அனுப்புகிற குரல் செய்தியையே வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிற ஆள் நீ. அதனால் விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். வீட்டுக்குப் பின்னால், பொடக்காளியில், நீ ஷெட் போடச் சொல்லிவிட்டு விமானம் ஏறினாயே, அந்த இடத்தில் ஷெட் இல்லை. அங்கே நான் கோல்ஃப் பந்து தட்டுவதற்கு ஒரு புல்தரை தயாராகிக்கொண்டிருக்கிறது. பயந்துவிடாதே, முழு ஆட்டத்துக்கு இல்லை. கடைசியில் பந்தை மெதுவாகத் தட்டிக் குழிக்குள் விடுவார்களே, பட்டிங், அதற்கு மட்டும். எனக்கு இருக்கிற சந்தோஷத்தில் இந்தப் பேனாவே நேராக ஓடமாட்டேன் என்கிறது.

ஃபோனில் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நீ, "சரிம்மா, வந்து பேசிக்கலாம்" என்பாய். உன்னுடைய 'வந்து பேசிக்கலாம்' எத்தனை விஷயங்களை முழுங்கி ஏப்பம் விட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். உன் அப்பா சொல்லியிருக்கலாம். அவரோ, "பையங்கிட்ட நீயே சொல்லிக்க, என்னைய இதுல இழுக்காத" என்று நழுவிவிட்டார். ஆறடி மனுசன், பெற்ற மகனிடம் ஒரு வார்த்தை சொல்ல அவருக்குத் தொடை நடுங்குகிறது. ஆகவே நான் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மகனுக்கு ஒரு தாய் நாலு நல்ல வார்த்தை எழுதுவது வழக்கமாம். நாலோடு நிறுத்திக்கொள்வேன் என்று உறுதி சொல்ல முடியாது.

இதற்கெல்லாம் விதை போட்டது நீதான். போன வருசம் நம்மிடம் பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் அம்மா வந்திருந்தபோது, அவரைக் கோயமுத்தூரில் கோல்ஃப் மைதானத்துக்கு அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தாய். அன்றைக்குப் பார்த்து சாயப்பட்டறையிலிருந்து வந்த நேவி ப்ளூ துணி ஒரு ரோலுக்கு ஒரு நிறமாக வந்து நின்றது. நீ தலையில் கை வைத்துக்கொண்டு, "அம்மா, சும்மா கூட மட்டும் போய்ட்டு வந்துருங்க" என்றாய். இங்கிலீஷ் பேசத் தெரியாத என்னை ஒரு வெள்ளைக்கார அம்மாவோடு காரில் ஏற்றிவிட்டோமே, என்ன பேசுவாள், எப்படிச் சமாளிப்பாள் என்று நீ யோசித்ததாகத் தெரியவில்லை. நாங்கள் இருவரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனோம். வேறு என்ன செய்வது? அங்கே அவர் பந்தை அடித்துக்கொண்டு எங்கெங்கோ நடந்தார். நான் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கடைசியில் பட்டிங் பழகுகிற புல்தரைக்கு வந்தவர், தன் மட்டையை என் கையில் கொடுத்துத் தட்டச் சொன்னார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தட்டினேன். பந்து நேராகப் போவதுபோல் போய், ஒரு இடத்தில் இடது பக்கம் வளைந்து, குழியின் விளிம்பில் கொஞ்சம் யோசித்து, உள்ளே விழுந்தது. டொக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் என்னை என்ன செய்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன். பெற்றபோது நீ அழுத சத்தத்துக்கு அடுத்து எனக்குப் பிடித்த சத்தம் அதுதான். கோபித்துக்கொள்ளாதே, உன்னுடையதுதான் முதலில்.

அந்த அம்மா கை தட்டினார், குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்திருப்பார். இன்னொரு பந்தை வேறு மூலையில் வைத்தார். அதுவும் போயிற்று. அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. கல்யாணமாகி வந்த நாள் முதல் நான் செய்கிற வேலை துணி செக்கிங். வெளிச்சத்துக்கு முன்னால் துணி ஓடும்போது ஊசி ஓடிய கோட்டையும், விட்டுப்போன கண்ணியையும், கடுகளவு ஓட்டையையும் பார்த்துப் பார்த்து இந்தக் கண் பழகியிருக்கிறது. அந்தப் புல்லில் மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று எனக்கு அச்சடித்தாற்போல் தெரிந்தது. இத்தனை வருசம் ஓட்டை கண்ணில் பட்டால் மனசு துணுக்கென்னும். முதல் தடவையாக ஒரு ஓட்டையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கு அரைகுறையாகத் தெரியும். பையர்களோடு பழகுவதற்கென்று நீ கோல்ஃப் மட்டைகளைப் பையோடு வாங்கி, நாலு தடவை தூக்கிக்கொண்டு போய், பீரோவுக்குப் பின்னால் சாத்திவைத்தாயே, அதிலிருந்து அந்தச் சின்ன மட்டையை எடுத்துக்கொண்டேன். அதன் மேல் உன் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் டேபிள் காலியாக இருக்கும்போது, அந்தக் கோடியில் ஒரு நூல் கோனைப் படுக்கவைத்து, இந்தக் கோடியிலிருந்து தட்டுவேன். டெய்லர்கள் சோற்றுத் தட்டோடு வந்து வேடிக்கை பார்ப்பார்கள். ஒரிசாவிலிருந்து வந்திருக்கிற பெண்கள் பந்து விழுந்ததும் கும்மாளம் போடுவார்கள். ஆனால் கட்டிங் டேபிள் பாய் விரித்தது மாதிரி சமம். சமமான இடத்தில் ஆடி ஆடி எனக்குச் சலித்துவிட்டது. வளைவு வேண்டும், ஏற்றம் வேண்டும், புல் வேண்டும். அதற்கு மண் வேண்டும். மண் என்று நம்மிடம் மீதி இருந்தது பொடக்காளி ஒன்றுதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு வெறும் நிலத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. நான் வாழ வந்தபோது இந்த வீட்டின் நாலு பக்கமும் வெயில் அடித்தது, வெளியிலிருந்து வந்த துணிக்குத் திண்ணையில் செக்கிங் மட்டும் நடந்தது. முன்வாசல் நிட்டிங் மெஷினுக்குப் போனது. கிழக்கே ஓவர்லாக், ஃபிளாட்லாக் தையல் மெஷின்கள் வந்தன. தெற்கே குடோன் வந்தது. அந்தக் காலம் போச்சே என்று மூக்கைச் சிந்துகிறவள் இல்லை நான். கட்டுத்தறியில் சாணி அள்ளியவளுக்குத்தான் தெரியும், மாட்டை விற்றுவிட்டு ஷெட் போட்ட அன்றைக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று. அந்த ஷெட்டுகள்தான் உன்னைப் படிக்கவைத்தன, இன்றைக்கு நாடு நாடாக ஆர்டருக்கு அலையவைக்கின்றன. ஷெட் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் சம்பந்தம் பேசி நிவேதா வீட்டார் நம் வீடு பார்க்க வந்தார்களே, அன்றைக்கு ஒன்று நடந்தது. நீயும் உன் அப்பாவும் சம்பந்தியை அழைத்துக்கொண்டு ஒவ்வொரு ஷெட்டாகக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பெண் என்னோடு சமையலறையில் நின்றாள். ஜன்னல் வழியாகச் சுற்றிலும் பார்த்துவிட்டு, கேலியும் இல்லாமல் குறையும் இல்லாமல், "இங்க நீங்க எங்கீங்க அத்தை உக்காருவீங்க?" என்று கேட்டாள்.

செக்கிங் டேபிளைச் சொல்லலாமா? அது நின்றுகொண்டு பார்க்கிற வேலை. சமையலறையில் ஒரு முக்காலி இருக்கிறது, அதில் எப்போதும் பருப்பு டப்பா இருக்கும். நான் சிரித்து மழுப்பி, காபி ஆற்றிக் கொடுத்தேன். மூன்று நாளைக்கு அந்தக் கேள்வி காலில் முள் மாதிரி கூடவே வந்தது.

இந்த நேரத்தில்தான் நீ பொடக்காளிக்கும் நாள் குறித்தாய். ஏர்போர்ட்டில் உன் அப்பா வண்டியை நிறுத்தப் போன நேரத்தில் என்னிடம் மட்டும் ரகசியம் சொன்னாய். அங்கே ஒரு எம்பிராய்டரி யூனிட் போட்டு நிவேதாவிடம் ஒப்படைக்கப் போகிறாய், அதுதான் கல்யாணப் பரிசு. அவளிடம் கேட்டாயா என்றேன். "சர்ப்ரைஸ்ம்மா" என்றாய். ஜேசிபிக்குச் சொல்லியாகிவிட்டது, வியாழக்கிழமை வரும், திரும்பி வரும்போது தரை தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய். திரும்பி வரும் வழியில், பெருமாநல்லூர் தாண்டியதும் உன் அப்பாவிடம், "ஏனுங்க, அந்த எடம் எனக்கு வேணுங்க" என்றேன். அவர் எதற்கு என்றார். சொன்னேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார் பார், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார், பிறகு வண்டியை எடுத்தார். நானும் விடவில்லை. கண்ணு, இந்த வீட்டில் 'எனக்கு வேண்டும்' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. உனக்கு வேண்டும், அவருக்கு வேண்டும், யூனிட்டுக்கு வேண்டும் என்று எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன். எனக்கு வேண்டும் என்று சொல்லும்போது குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

வியாழக்கிழமை ஜேசிபி வந்தது. நீ சொல்லிவிட்டுப் போன அதே வண்டி. ஓட்டுகிறவர் திருநெல்வேலிப் பக்கம். நான் தண்ணீர் ஹோஸ் பைப்பைத் தரையில் வளைத்து வளைத்துப் போட்டு, முந்திரிக்கொட்டை மாதிரி ஒரு உருவம் கொண்டுவந்து, அதைச் சுற்றிக் கோலமாவால் கோடு போட்டு வைத்திருந்தேன். நம் கட்டிங் மாஸ்டர் துணியில் பேட்டர்ன் வரைவது போலத்தான். அவர் வண்டியை விட்டு இறங்கி அந்தக் கோட்டைச் சுற்றி வந்து, "ஷெட்டுக்குப் பில்லர் குழிதானக்கா, எதுக்கு மொத்தமா வழிக்கச் சொல்லுதிய?" என்றார். விவரம் சொன்னதும் நம்பாமல் உன் அப்பாவைப் பார்த்தார். உன் அப்பா ஆகாயத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. வாளி மண்ணுக்குள் இறங்கியது.

தரை தயார் செய்வது என்றால் என்ன என்று நினைக்கிறாய்? புல்லை நட்டுத் தண்ணீர் விடுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். புல் கடைசி. அதற்கு முன்னால் ஒரு பெரிய சமையலே இருக்கிறது. முழங்கால் ஆழத்துக்கு வழித்தெடுத்து, கோரைக் கிழங்கு ஒன்றுகூட விடாமல் பொறுக்கி, அடித்தரையை மட்டம் பார்த்து இறுக்கி, அதில் வாய்க்கால் வெட்டி ஓட்டை போட்ட பைப் பதித்து, மேலே ஜல்லி, அதற்கு மேலே கழுவிய மணலோடு மக்கிய தென்னை நார்க்கழிவு கலந்து, தண்ணீர் விட்டு இறக்கி, உருளை விட்டு, மறுபடி வாரி, மறுபடி உருளை விட வேண்டும். துணி தைத்த பிறகு சுருங்காமல் இருக்க முன்னாலேயே காம்பாக்டிங் செய்கிறோம் இல்லையா, மண்ணுக்கும் அதே நியாயம். இப்போது இறுக்காவிட்டால் முதல் மழையில் அங்கங்கே சுருங்கி உட்கார்ந்துவிடும். கோல்ஃப் மைதானத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன், வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். பாஷை புரியாவிட்டாலும் கை புரியும்.

நம் மண்ணுக்குள் என்ன இருந்தது தெரியுமா? கொஞ்சம் தோண்டியதும் சுக்கான் கல் வந்தது, அது எதிர்பார்த்தது. அதற்கு மேலே பொத்தான், சைஸ் லேபிள், உடைந்த கோன், பாதி மக்கிய எலாஸ்டிக், பிறகு துருப்பிடித்த தையல் ஊசிகள். யூனிட் குப்பையைக் கூட்டி எத்தனை வருசம் அங்கே கொட்டியிருக்கிறோம். நம் டெய்லர்கள் உடைந்த ஊசியைத் தரையில் தேடுகிற காந்தத்தை ஒரு குச்சியில் கட்டிக்கொண்டு, நானும் செக்கிங் பெண்கள் இரண்டு பேரும் அங்குலம் அங்குலமாக நடந்தோம். காந்தம் முள்ளம்பன்றி மாதிரி ஆகிவிட்டது. உன் அப்பா அதை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அவரும் மண்வெட்டியோடு வந்துவிட்டார். கூப்பிட்டது யார் என்று கேட்டேன். சும்மா நிற்க முடியவில்லையாம்.

வந்தது சந்தோஷம்தான், ஆனால் வந்தவர் விவசாயியாக வந்தார். என்ன புல் என்று கேட்டார். அருகம்புல்லின் குட்டை ரகம் என்றேன். அவ்வளவுதான், மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார். "அருகப் புடுங்கிப் புடுங்கித்தான் என்ற முதுகே வளைஞ்சுது. அத வாங்கியாந்து நடறியா நீயி?" என்றார். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. சீர் செய்துவைக்கிற அருமைக்காரர் உன் கல்யாணத்தில் எதை எடுத்து உங்களை வாழ்த்தப் போகிறார், அருகம்புல்லைத்தானே, கல்யாண வீட்டில் அருகு இருந்தால் குற்றமா என்று நான் சுவரைப் பார்த்துச் சொன்னேன். அவரும் சுவரைப் பார்த்தே, அதுவும் சரிதான் என்றார்.

இனிமேல்தான் இருக்கிறது கூத்து. ஜல்லிக்கும் மணலுக்கும் நடுவில், மணல் கீழே இறங்காமல் இருக்க ஒரு தனி விரிப்பு போட வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். திருப்பூரில் இருந்துகொண்டு விரிப்பை வெளியே தேடுவதா? குடோனில் தள்ளுபடியான சிங்கிள் ஜெர்சி பனியன் துணி ரோல்கள் தூங்குகின்றன. அவற்றை எடுத்து ஜல்லி மேல் பாய் விரிப்பது போல இரட்டையாக விரித்துவிட்டேன். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். உன் அப்பா தன் பங்குக்கு, நான் யூனிட்டில் இருந்த நேரம் பார்த்து, தரையைச் சுற்றிலும் நல்ல கெட்டியாக வரப்பு கட்டிவிட்டார். அழகான வரப்பு, நூல் பிடித்தது மாதிரி. மழை கொட்டினாலும் ஒரு சொட்டு வெளியே போகாது என்றார். அது போக வேண்டும் என்பதுதான் இந்தத் தரையின் பாடமே என்று எனக்கும் அப்போது உறைக்கவில்லை. வானம் பார்த்த பூமியில் பிறந்தவர்களுக்கு வரப்பைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும். அவர் விவசாயி புத்தியைக் காட்டினார், நான் பனியன் புத்தியைக் காட்டினேன். மணலை நிரப்பி, உருளை விட்டு, இரண்டு பேரும் தள்ளி நின்று ரசித்தோம்.

சித்திரை மழை ஒரு சாயந்திரம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. விட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தால் பொடக்காளியில் ஒரு குளம். வரப்பு ஒரு பக்கமும் உடையாமல் கர்வமாக நிற்கிறது. பைப்பில் தண்ணீர் வரவே இல்லை. பனியன் துணியின் வேலையே ஈரத்தைக் குடிப்பதுதானே. அது குடித்துக் குடித்து ஊதி, எடை தாங்காமல் நீண்டு தொங்கி, மணலையும் இழுத்துக்கொண்டு ஜல்லிச் சந்தில் அடைத்துக்கொண்டது. உடம்புக்கு எது குணமோ அதுவே தரைக்குக் கேடு. மறுநாளும் தண்ணீர் வடியவில்லை. தவளை வந்துவிட்டது. உன் அப்பா மெதுவாக, "ஷெட்டே போட்ரலாம் புள்ள. பையனுக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நான் மண்ணில் கிடந்து அவதிப்படுவது பொறுக்காமல் சொன்னார். உள்ளே வந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சேற்றுக்கு அழுகிற வயசா என்று நினைக்காதே. ஒரே ஒரு தடவை எனக்கு என்று கேட்டேன், அதையும் என் கையாலேயே கெடுத்துக்கொண்டேனே என்றுதான் அழுதேன். இதோடு அந்த இடம் போய்விடும், அங்கே மெஷின் ஓடும், நான் ஜன்னல் வழியாகத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு பருப்பு வேகவைப்பேன் என்று தெளிவாகத் தெரிந்தது.

காலையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். பின்கதவைத் திறந்தால், உன் அப்பா வரப்பை வெட்டிக்கொண்டிருக்கிறார். தான் கட்டியதைத் தானே. தண்ணீர் அவர் காலைச் சுற்றிக்கொண்டு சலசலவென்று வெளியே ஓடுகிறது. என்னைப் பார்த்ததும், "எங்கப்பன் இருந்திருந்தா என்னைய வெட்டிப் போட்டிருப்பாரு. மழைத் தண்ணிய நானே வெளிய உடறேன் பாரு" என்றார். அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. பிடுங்கிப் போட வேண்டிய புல்லுக்காக, பிடித்து வைக்க வேண்டிய தண்ணீரை விடுகிறார், எதற்கு என்று முழுக்கப் புரியாமலே விடுகிறார். எனக்குக் காதல் கீதல் எல்லாம் சொல்லத் தெரியாது. ஓடிப்போய் இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றேன்.

கல்யாணம் கட்டப்போகிற உனக்கு நான் சொல்ல நினைத்ததில் பெரும்பங்கு இதற்குள் வந்துவிட்டது. பெண்டாட்டிக்குச் சங்கிலி வாங்கிப் போடுவது சுலபம். அவள் ஆசை உனக்குப் புரியாத ஆசையாக இருக்கும்போது கூட நின்று மண் வெட்டுவது கடினம். உன் அப்பா நிறைய விஷயத்தில் முரடர், ஒரு சேலை நன்றாக இருக்கிறது என்று சொல்ல அவருக்கு ஒரு வருசம் ஆகும். இந்த ஒரு விஷயத்தில் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்.

பிறகு எல்லாவற்றையும் பிரித்தோம். ஊறிப்போன துணியை இழுத்துப் போட்டோம், ஒவ்வொரு துண்டும் செத்த எருமை கனம். துணிக்குப் பதிலாக ஜல்லி மேல் பொடிக்கல் ஒரு அடுக்குப் பரப்பினோம். வீட்டை விட்டு விலகித் தண்ணீர் ஓடுகிற மாதிரி சரிவு கொடுத்தோம். தண்ணீர் போகட்டும், ஆனால் அடுத்தவன் காட்டுக்கு ஏன் போக வேண்டும் என்று உன் அப்பா பைப்பின் முனையை நம் வற்றிய கிணற்றுக்கே கொண்டுபோய் விட்டார். ஆள் முழுசாக மாறிவிடவில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்ததோடு நான் நிற்கவில்லை. காலை வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தேன், துணியில் ஊசிக்கோடு தேடுவது போல. எங்கே கை அளவு பள்ளம், எங்கே நான் வேண்டுமென்றே விட்ட வளைவு என்று எல்லாம் தெரிந்தது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு எனக்கு மயக்கம் என்று நினைத்து ஓடிவந்தாள். நடுவில் நீ வீடியோ கால் போட்டு, வேலை எந்த மட்டில் இருக்கிறது காட்டுங்கள் என்றாயே, உன் அப்பா ஜல்லிக் குவியலை மட்டும் காட்டி, வேலை ஜோராக நடக்கிறது என்றாரே. பொய் இல்லை. போன வாரம் இன்னொரு மழை பெய்தது. குடை பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கிணற்றடியில் போய் நின்றோம். பைப் முனையில் முதலில் ஒரு நூல், பிறகு ஒரு விரல், பிறகு குழாயைத் திறந்துவிட்டாற்போல் தண்ணீர். நான் குதித்தேன் கண்ணு, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. தரையில் ஒரு கை அளவு நீர்கூடத் தேங்கவில்லை. அடுத்த நாளே புல் பதியன் நட்டாகிவிட்டது.

நட்ட அன்று சாயந்திரம் நிவேதாவும் அவள் அம்மாவும் முகூர்த்தச் சேலையைக் காட்ட வந்தார்கள். அவள் நேராகப் பின்கட்டுக்கு வந்துவிட்டாள். உன் ரகசியத்தை நான் உடைக்கவில்லை, அந்தக் கவலை வேண்டாம். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கல்யாணத்துக்கு அப்புறம் உனக்கு என்ன செய்ய ஆசை என்று மட்டும் கேட்டேன். அத்தை கேட்கிறாளே, இதற்குச் சரியான பதில் எது என்று யோசிக்கிறாள் என்று புரிந்தது. நானும் விட்டுவிட்டேன். பிறகு அவளாகவே பேச ஆரம்பித்தாள். கொண்டுவந்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது, அவள் பேசிக்கொண்டே இருந்தாள். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத மாட்டேன். அதில் எம்பிராய்டரி இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்ல மாட்டேன். அது நீ கேட்டு வாங்க வேண்டிய பதில். நான் வாழ வந்தபோது என் மாமனார் ஆசை ஆசையாகச் செக்கிங் டேபிள் ஒன்றைச் செய்து வைத்திருந்தார், வரப்போகிற மருமகளுக்கு என்று. நல்ல மனுசன், எனக்கு அவர் வேறு ஒரு குறையும் வைத்ததில்லை. அந்த வேலையில் நான் கெட்டிக்காரியும் ஆனேன், வருத்தம் இல்லை. ஆனால் ஒரு வார்த்தை யாராவது கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது இன்றைக்கு வரை எனக்கே தெரியாது. நிவேதாவுக்கு அது தெரிந்திருக்கட்டும். உனக்கும் தெரிந்திருக்கட்டும். அவள் பேசும்போது வேகத்தைக் கூட்டாமல் கேள்.

ஷெட்டுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். வீரபாண்டிப் பக்கம் வாடகைக்குக் கட்டடம் கிடைக்கும், உன் அப்பா விசாரித்து வைத்திருக்கிறார். இதை உன்னிடம் நான்தான் சொல்ல வேண்டுமாம்.

இந்தக் கடிதத்தை உன்னிடம் அனுமதி கேட்பதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். உன் யூனிட், உன் பிளான், நீ ஏற்பாடு செய்த ஜேசிபி, மகனிடம் ஒரு வார்த்தை கேட்பதுதானே முறை என்று நினைத்தேன். திருப்பிப் படித்துப் பார்த்தேன். எந்த இடத்திலும் நான் கேட்கவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்ததும் வழக்கம்போல் பின்பக்கமாகக் குறுக்கே நடந்து உள்ளே வராதே. பதியன் இப்போதுதான் வேர் பிடித்திருக்கிறது. ஓரமாகச் சுற்றி வா.

உன் அம்மா